சட்டியும் கையுமாக ஓடிய ஐவி ஹன்னம்

எங்கள் பக்கத்து வீட்டு ஐவி ஹன்னம் எழுபத்தெட்டு வயதில் டொமினியன் ரோட்டைக் குறுக்கே ஓடிக் கடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஒரு கையில் ஜாம் காய்ச்சும் செம்புச் சட்டி. மற்றக் கையில் இரும்புக் கரண்டி. காலில் வீட்டுச் செருப்பு. சட்டி அடிபட்ட சத்தத்தில் கார்கள் நின்றன, மஞ்சள் பஸ் நின்றது, மூலைக்கடை டெய்ரிக்காரர் பால் போத்தல்களைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து நின்றார். ஐவி மட்டும் நிற்கவில்லை!

நடந்தது 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், முற்பகலில். எங்கள் புறநகரான மவுண்ட் ரோஸ்கிலில் இதைப் பலர் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். தீயணைப்பு வண்டி வந்ததாம், வரவில்லை. மாப்பிள்ளையைத் தேனீ கொட்டியதாம். கொட்டியது மாப்பிள்ளையின் சிற்றப்பாவை, அதுவும் காதில் ஓரிடத்தில் மட்டுமே. ஐவி பொலிசைக் கூப்பிட்டாராம். அவர் கூப்பிட்டது தேனீக்களை. ஆகவே, கண்டதைக் கண்டபடியும், அவரே என்னிடம் சொன்னதைச் சொன்னபடியும் எழுதிவிடுவது நல்லது. அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை எங்கள் பேச்சில் தருகிறேன். சொல் மாறியிருக்கலாம், சங்கதி மாறவில்லை.

ஐவி பிறந்தது 1910இல், இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் மார்ல்கம் என்ற சிற்றூரில். இரண்டு சுண்ணாம்பு மேடுகளுக்கு நடுவே ஓர் ஓடை, ஓடையோரம் ஒரே தெரு. ஒரு தேவாலயம், ஒரே அறையில் ஏழு வகுப்பும் நடந்த பள்ளிக்கூடம், ஒரு கொல்லன் பட்டறை, ஒரு கடை. காணி முழுவதும் பெரிய வீட்டுத் துரைக்குச் சொந்தம். ஐவியின் தகப்பன் துரையின் பண்ணையில் குதிரை வண்டி ஓட்டினார். குடியிருந்த வீடும் துரையுடையது. வேலை போனால் அதே கிழமை வீடும் போகும்.

எண்பத்தைந்தில் நாங்கள் ஊரைவிட்டு மகளோடு இங்கே வந்து சேர்ந்த புதிதில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் இவற்றைச் சொல்லி நான் மொழிபெயர்க்கும்போது என் மனைவி செல்வநாயகிக்கு நம்பிக்கை வரவில்லை.

"கிணத்திலயோ தண்ணி அள்ளினீங்கள்? வெள்ளைக்காரர் பிறக்கேக்கையே குழாயைத் திறந்துகொண்டு பிறந்தவை எண்டெல்லோ நான் நினைச்சன்!"

"கிணறும் எங்கடை இல்லை, செல்வி. ஆறு வீட்டுக்கு ஒரு கிணறு. ஆர் முதல் அள்ளுறது எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை."

"அப்ப எங்கடை ஊர்தான்," என்றாள் செல்வநாயகி. அன்றிலிருந்து அவர் "ஐவி அக்கா" ஆனார். அக்கா என்றால் என்னவென்று விளங்கப்படுத்தியதும் ஐவிக்குப் பெரிய சந்தோஷம். நான் மட்டும் கடைசிவரை "மிசிஸ் ஹன்னம்" என்றே கூப்பிட்டேன்.

அவர் சொன்ன மார்ல்கம் கதைகளில் எனக்குப் பிடித்தது கதிர் பொறுக்கும் மணி. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கோதுமைக் கதிர்களை ஊர்ப் பெண்கள் பொறுக்கலாம். ஆனால் காலையில் தேவாலய மணி அடித்த பிறகுதான் வயலில் கால் வைக்கலாம். மணிக்கு முன்னர் கால் வைத்தவளை ஊர் ஒரு வருடத்துக்கு மறக்காது. பன்றி அடிப்பதிலும் அப்படி ஓர் ஒழுங்கு. நவம்பரில் ஒரு வீட்டில் பன்றி அடித்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போகும். அடுத்தடுத்த கிழமைகளில் அவர்கள் வீட்டுப் பன்றியிலிருந்து பங்கு திரும்பி வரும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் புது இறைச்சி மாதம் முழுவதும் கிடைக்க அதுதான் வழி. புதன்கிழமைகளில் சந்தைக்குப் போகும் வண்டிக்காரன் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் நூல் வாங்கி வருவானாம், ஒரு தடவையும் சரியான நிறத்தில் வாங்கி வரமாட்டானாம்.

"ஊரை நினைச்சுக் கவலைப்படுறனீங்களோ?" என்று செல்வநாயகி ஒருநாள் கேட்டாள்.

"கவலையோ? சுவரெல்லாம் ஈரம். மாரியில சப்பாத்துக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். துரையின்ரை மனிசி றோட்டில வந்தால் நாங்கள் ஓரமா நிண்டு முழங்காலை மடக்கவேணும். இஞ்சை வந்து இறங்கின அண்டைக்கு எனக்கு இடுப்புப் பிடிப்பே விட்டுப்போட்டுது!"

வந்து இறங்கியது 1952இல், கணவர் ரெஜ் ஹன்னத்தோடு. ரெஜ் தச்சு வேலைக்காரர். எங்கள் தெருவில் நிற்கும் அரசாங்க வீடுகள் பலவற்றுக்குக் கூரை மரம் போட்டவர் அவர்தான். ஊரிலிருந்து அவர்கள் விடாமல் கொண்டுவந்த பழக்கம் ஒன்றே ஒன்று, தேனீ வளர்ப்பு. மார்ல்கமில் வீட்டுக்கு வீடு சுவரோரம் நீளப் பலகை வாங்கு போட்டு, வைக்கோலால் பின்னிய கூடுகளில் தேனீ வளர்ப்பார்களாம். இங்கே ரெஜ் தன் கையாலேயே மரப்பெட்டி செய்து, பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் வைத்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அதே தேனீக்களின் வழிவந்தவைதான் அங்கே இருந்தன.

ரெஜ் அதே 1988 ஜூலையில், இந்தத் தென்கோள நாட்டின் நடுக் குளிர் காலத்தில், ஆஸ்பத்திரியில் காலமானார்.

இங்கே மார்ல்கம்காரரின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு சாவு நடந்தால் முதலில் தேனீக்களுக்குச் சொல்லவேண்டும். வீட்டுத் திறப்பால், அதாவது சாவியால், பெட்டியை மெல்லத் தட்டி, "உங்கள் எசமான் போய்விட்டார், இனி நான்தான்" என்று வாய்திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு போய்விடும். ஐவி மூன்று நாள் ஆஸ்பத்திரியிலும் பிணச்சாலையிலுமாக அலைந்து, செத்தவீடு முடிந்த பிறகுதான் எலுமிச்சை மரத்தடிக்குப் போனார்.

"பிந்திப்போச்சு, மிஸ்டர் நாதன்," என்று அன்றே என்னிடம் சொன்னார். என் பெயர் கதிர்காமநாதன். அவருக்கு வாயில் நுழைந்தது அதன் வால் மட்டும். "நான் பிந்தித்தான் சொன்னன். வசந்தம் வரட்டும், இருக்குதுகளோ போகுதுகளோ பாப்பம். ரெஜ் விட்டிட்டுப் போனதில உயிரோட மிச்சம் இருக்கிறது இதுகள்தான்."

குளிர் காலம் முழுவதும் அவர் ஒவ்வொரு காலையும் பெட்டியில் காதை வைத்துக் கேட்பதை எங்கள் குசினி யன்னலால் பார்த்தோம். செப்டெம்பர் போனது, ஒக்டோபர் போனது. தேனீக்கள் இருந்தன. நவம்பர் வந்தது.

அந்தச் சனிக்கிழமை, இரவு பெய்த மழை விட்டு நல்ல வெயில். நான் முன்வளவில் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் லொறி ஒன்று இரைவதுபோல ஒரு சத்தம். திரும்பினால், எலுமிச்சை மரத்துக்கு மேலே வானம் கறுத்துச் சுழல்கிறது! ஆயிரக்கணக்கில், பல ஆயிரக்கணக்கில் தேனீக்கள்! புகை சுருள்வதுபோலச் சுருண்டு, விரிந்து, கூரைக்கு மேலாகத் தெருப்பக்கம் திரும்பின.

மறுகணம் ஐவியின் குசினிக் கதவு படாரென்று திறந்தது. சட்டியும் கரண்டியுமாக ஏப்ரனோடு பாய்ந்து வந்தார். டாங், டாங், டாங்!

"போகுதுகள்! மிஸ்டர் நாதன், போகுதுகள்! கண்ணை எடுக்காதேங்கோ!"

இந்த இடத்தில்தான் செல்வநாயகி ஒரு வேலை பார்த்தாள். எங்கள் பக்கம் வயலில் கிளி இறங்கினால் தகரப் பேணியைத் தட்டிக் கலைப்பது வழக்கம். சட்டிச் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தவள், மேலே கறுப்பாகச் சுழல்வதைக் கண்டாள், ஐவி அக்கா சட்டி தட்டுவதைக் கண்டாள். சங்கதி விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே ஓடிப்போய் சாமியறையிலிருந்த பித்தளைத் தட்டத்தையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தாள்.

"குளவியே, அக்கா? பயப்படாதேங்கோ! நான் முன்னாலை போய்க் கலைக்கிறன்!"

"இல்லை, செல்வி! கலைக்கிறதில்லை!"

கேட்டால்தானே! அவளுடைய தட்டத்தின் சத்தத்தில் அவளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தேனீக் கூட்டத்துக்கு முன்னால், தலைக்கு மேல் அகப்பையை வீசியபடி ஓடினாள். அறுபத்தாறு வயதுக்காரி! பின்னால் ஐவி, அதற்கும் பின்னால் நான்.

மூச்சு வாங்கியபடி ஐவி விளக்கினார். "இது கலைக்கிறதுக்கில்லை... எங்கடை ஊர்ச் சட்டம். கூட்டம் வெளிக்கிட்டால்... சட்டி தட்டிக்கொண்டு பின்னாலை போகவேணும். இது என்ரை கூட்டம் எண்டு ஊருக்குச் சொல்லுறது. தட்டிக்கொண்டு, கண்ணை விட்டு மறையாமல் போனால்... எங்க போய் இறங்கினாலும் அது என்ரை. மறைஞ்சால் போச்சு."

"இறங்காமல் போயிட்டால்?"

"அப்ப ரெஜ்ஜும் போயிட்டார், தேனீயும் போயிட்டுது."

நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

கூட்டம் தெருக்கோடிவரை போனது, டெய்ரியின் கூரைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது, டொமினியன் ரோட்டைக் கடந்தது. செல்வநாயகி அப்போதே அந்தப் பக்கம் போய்விட்டாள். ஐவி இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. நான் முதலில் எழுதியது இந்தக் கட்டத்தைத்தான்! பஸ் கிறீச்சிட்டு எங்களுக்கும் தேனீக்களுக்கும் நடுவே நின்றது. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நாங்கள் அந்தப் பக்கம் வந்தபோது, செல்வநாயகி ஒரு குறுக்குத் தெருவின் வாயிலில் நின்று அகப்பையால் காட்டினாள்.

"இஞ்சாலை! கலியாண வீட்டுக்குள்ள போட்டுதுகள்!"

உண்மையிலேயே கலியாண வீடு! வாசலில் இரண்டு வாழை, வேலி முழுதும் வண்ண விளக்கு, பின்வளவில் வெள்ளைக் கூடாரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரக் கசெட். வீட்டுக்காரர் சுந்தரசாமியை எங்களுக்குக் கோயில் பூசைகளில் கண்ட பழக்கம் உண்டு. பிஜியில் ராக்கிராக்கிப் பக்கத்துக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அன்று அவருடைய மூத்த மகள் ஊர்மிளாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் எந்த நிமிடமும் வரலாம்.

தேனீக்கள் கூடாரத்துக்கு முன்னால் நின்ற பீஜோவாப் பழமரத்தில், ஆள் எட்டக்கூடிய ஒரு கிளையில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பிடித்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலாப்பழம்போல ஒரு குலை தொங்கத் தொடங்கியது. பட்டுச் சேலைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடின. இரண்டு வாலிபர்கள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையில் பூச்சி மருந்து.

ஐவி படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டாங், டாங், டாங்!

சுந்தரசாமி பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். அவருடைய முகத்தில் இருந்த பயம் தேனீயைப் பற்றியதல்ல. வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் சட்டியைத் தட்டிக்கொண்டு கலியாண வளவுக்குள் வந்தால் புலம்பெயர்ந்த மனிதன் என்ன நினைப்பான்? அதையேதான் அவரும் நினைத்தார்.

"சாரி, மேடம்! சாரி! மியூசிக் சத்தம் கூடிப்போச்சு, தெரியும். டேய், ஆப் பண்ணுடா! கவுன்சிலுக்குச் சொல்லாதீங்க மேடம், ஒரு மணி நேரம்தான்!"

நாதஸ்வரம் நின்றது. வளவு முழுவதும் தேனீ இரைச்சல் மட்டும்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்லாயிருந்துது," என்றார் ஐவி. "நான் என்ரை தேனீக்கு வந்தனான். தண்ணி அடிக்க வேண்டாம் எண்டு அந்தப் பொடியங்களுக்குச் சொல்லுங்கோ."

சுந்தரசாமி என்னைப் பார்த்தார். "என்னங்க ஐயா, தேனீக்கு எதுக்கு சட்டி?"

"அது அவவின்ரை ஊர் வழக்கம், தம்பி. சட்டி தட்டிக்கொண்டு வந்தால் ஆரின்ரை வளவுக்குள்ளையும் வரலாமாம்."

"நம்ம ஊர்ல அப்படி வந்தா நாயை அவுத்து விடுவோம்!"

அந்த நேரத்தில் தெருவில் ஒரு வான் வந்து நின்றது. கலியாண வீட்டார் யாரோ தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, தேனீ பிடிக்கிறவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மர்ரே என்று பெயர். வெள்ளை உடுப்பு, முகவலை, புகை ஊதும் கருவி எல்லாவற்றோடும் வந்து குலையைப் பார்த்தவர் விசில் அடித்தார்.

"அருமையான கூட்டம்! ஐயா, பத்து நிமிசத்தில எடுத்துக்கொண்டு போயிடுவன். உங்களுக்கு ஒரு போத்தல் தேன், சரியோ?"

"சரி சரி, எடுங்க, சீக்கிரம்!" என்றார் சுந்தரசாமி.

"எடுக்கேலாது!" ஐவி மரத்துக்கும் மர்ரேக்கும் நடுவில் போய் நின்றார். "இது என்ரை. வீட்டிலயிருந்து தட்டிக்கொண்டே வந்தனான்."

மர்ரே மரியாதையான மனிதர். முகவலையைத் தூக்கிவிட்டுப் பேசினார். "அம்மா, மரத்தில தொங்குற கூட்டத்தை என்ரை எண்டு சொல்லி எல்லாரும் வருவினம். எனக்கும் அந்தப் பழைய வழக்கம் தெரியும், என்ரை தாத்தாவும் இங்கிலாந்துதான். கண்ணை விட்டு மறையாமல் வந்தால் உங்கடை. ஒருக்கால் மறைஞ்சாலும் ஆரின்ரையும் இல்லை. அப்ப காணிக்காரர் சொல்லுறதுதான் முடிவு. மறையேல்லை எண்டு சொல்லுவீங்களோ?"

ஐவி தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "டொமினியன் ரோட்டில... பஸ் குறுக்கை வந்துது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் வேறு வழியில்லை. "ஓம். பஸ் குறுக்கே நிண்டது. நானும் காணேல்லை."

ஐவியின் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது. அவ்வளவு தூரம் ஓடிச் சிவந்து கிடந்த முகம், அப்போதுதான் வெளுத்தது. மர்ரே புகைக் கருவியைப் பற்றவைக்கத் திரும்பினார்.

"நில்லுங்கோ!" என்றாள் செல்வநாயகி. "அவர் எப்பிடிக் காணுவார்? அவர் பஸ் நம்பரையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டவர்! நான் பஸ்ஸுக்கு அங்காலை நிண்டனான். கூரைக்கு மேலாலை வந்து, அந்தப் பச்சை மதிலைக் கடந்து, இந்தப் படலைக்கு மேலாலை உள்ளுக்கு வந்தது வரைக்கும் நான் கண் வெட்டேல்லை. தட்டத்தையும் நிப்பாட்டேல்லை. என்ரை கையைப் பாருங்கோ!"

கை கன்றிச் சிவந்திருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பஸ் நம்பர் பற்றிய பகுதியைத் தவிர்க்கப் பார்த்தேன், அவள் அதையும் சேர்த்துச் சொல்ல வைத்தாள்.

மர்ரே புருவத்தை உயர்த்தினார். "நீங்கள் இவவின்ரை சிநேகிதி. இவவுக்காகத்தானே சொல்லுவீங்கள்."

"இவவுக்காகவோ? நான் அதுகளைக் கலைக்கவெல்லோ ஓடினனான்! எப்பிடியாவது துலையட்டும் எண்டுதான் முன்னாலை போய் அடிச்சனான். வேண்டுமெண்டால் அக்காவைக் கேளுங்கோ, வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தவ."

"திட்டினனான்," என்றார் ஐவி. "நல்லாத் திட்டினனான்."

மர்ரே சிரித்த சிரிப்பில் வீட்டுக்குள்ளிருந்த பட்டுச் சேலைகள் யன்னலுக்கு வந்தன. "துலையட்டும் எண்டு கலைச்ச ஆள் பொய்ச்சாட்சி சொல்ல ஒரு காரணமும் இல்லை! என்ரை பக்கத்தில சரி. இனி இந்த வளவுக்குள்ள ஆர் எடுக்கிறதெண்டு காணிக்காரர் சொல்லட்டும்."

சுந்தரசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தேனீக் குலையைப் பார்த்தார். வெள்ளை உடுப்புக்காரர் எடுத்தால் பத்து நிமிடம். செருப்பும் ஏப்ரனுமாக நிற்கும் இந்த மூதாட்டி எடுத்தால் எவ்வளவு நேரமோ! "மேடம், இன்னிக்கு என் மக கல்யாணம். அவரே எடுக்கட்டுமே. நான் உங்களுக்கு வேற தேனீ வாங்கித் தர்றேன்."

அப்போது ஐவி சொன்ன கதையை, மார்ல்கம் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றிலும் முதலாவதாக நான் வைப்பேன்.

"எனக்கு எட்டு வயசிருக்கும். எங்கடை அப்பாவின்ரை கூட்டம் வெளிக்கிட்டுத் துரையின்ரை வளவுக்குள்ள போட்டுது. துரையின்ரை முன்படலையால எங்கடை ஆக்கள் ஒருத்தரும் போனதில்லை. பின்படலை, அதுவும் தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு. அண்டைக்கு அப்பா பால் வாளியைத் தட்டிக்கொண்டு முன்படலையால போனார். தொப்பி தலையில. என்னையும் கையில பிடிச்சுக்கொண்டு, துரையின்ரை புல்தரைக்கு நடுவால! காவல்காரன் துவக்கோட ஓடி வந்தான். அப்பா நிக்கேல்லை, வாளியைத் தட்டினார். துரை கதிரையிலயிருந்து எழும்பி, 'விடு, அவனுக்கு உரிமை இருக்கு' எண்டார். எங்கடை அப்பாவுக்கு உரிமை இருக்கெண்டு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். தேனீ முக்கியமில்லை எண்டு சொல்லாதேங்கோ, மிஸ்டர் சாமி."

ஐவி சொல்லி முடித்ததும் சுந்தரசாமி என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எங்க தாத்தா கரும்புத் தோட்டத்துல கூலி. மேனேஜர் பங்களா வாசல்ல அவர் செருப்பு போட்டு நடந்ததில்ல, ஐயா." சட்டென்று திரும்பிச் சத்தம் போட்டார். "டேய், குழாயைக் கீழே போடு! அந்த மருந்தை உள்ள வை! இவங்க தேனீ, இவங்கதான் எடுப்பாங்க. மேடம், என்ன வேணும்? சொல்லுங்க!"

"ஒரு பெரிய பெட்டி. பிடிக்க ஒரு தைரியமான ஆள்."

ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டி வந்தது. தைரியமான ஆள் வரவில்லை. மர்ரே தன் உடுப்பைக் கழற்றித் தர முன்வந்தார், ஐவி வேண்டாமென்றார். வெளிக்கிட்ட கூட்டம் வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொண்டுதான் வெளிக்கிடும், நாம் நசுக்காவிட்டால் கொட்டாது என்றார். "உண்மைதான்," என்றார் மர்ரே, முகவலையை இறக்கிக்கொண்டே. கடைசியில் சுந்தரசாமி தன் சால்வையை எடுத்து யாரிடமோ கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தலைக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"முருகா!"

ஐவி இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து ஒரே ஒரு உலுக்கு உலுக்கினார். பொத்தென்று முழுக் குலையும் பெட்டிக்குள் விழுந்தது!

"கனமா இருக்கு! உயிரோட இருக்கு! சுடுது!" என்று சுந்தரசாமி கத்தினார். "எங்க வைக்கிறது? எங்க வைக்கிறது?"

"மெல்ல... மரத்துக்குக் கீழை... கவிழ்த்து, ஒரு பக்கம் கல்லு வைச்சு வாய் விடுங்கோ."

வைத்துவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே இராணி இருந்தால் மிச்சம் எல்லாம் உள்ளே போகும். இல்லாவிட்டால் உள்ளே போனவையும் வெளியே வரும். வானத்தில் சுழன்றவை தடுமாறின. ஒன்றிரண்டு பெட்டி வாயில் இறங்கின. வாலைத் தூக்கி, சிறகைப் படபடவென்று அடித்து, மற்றவற்றைக் கூப்பிட்டன. பத்து இறங்கியது, நூறு இறங்கியது, பிறகு ஓடை வாய்க்காலுக்குள் திரும்புவதுபோல எல்லாம் திரும்பின!

"இருக்கிறா!" ஐவி துள்ளியே விட்டார். "உள்ளுக்கு இருக்கிறா!"

யன்னலில் நின்ற மணப்பெண் ஊர்மிளா கைதட்டினாள். அவளைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் படலைக்கு வந்து சேர்ந்தார்கள். வரவேற்பு தங்களுக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் சிற்றப்பா மட்டும் மரத்தடிக்குப் போய்ப் பெட்டிக்குள் என்னவென்று குனிந்து பார்த்தார். காது விஷயம் அப்போது நடந்ததுதான்.

திரிந்த தேனீக்கள் எல்லாம் வந்து சேரவேண்டும், பெட்டியைப் பொழுதுபடுமட்டும் அசைக்கக்கூடாது என்றார் ஐவி. ஆகவே அவரும் அசையவில்லை. தாலி கட்டும்போது முன்வரிசையில், ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாக இருந்தார். சுந்தரசாமியின் மனைவி பிம்லா அவருடைய தலையில் பூ வைத்துவிட்டார். நாங்களும் அழையாத விருந்தாளிகளாக இரண்டு பந்தி பார்த்தோம். செல்வநாயகி பாயாசம் மூன்று தடவை வாங்கினாள், ஓடிய ஓட்டத்துக்கு அது காணாது என்றாள்.

பொழுது சாயும்போது மர்ரே மீண்டும் வானோடு வந்தார். கூலிக்கல்ல, எப்படி முடிகிறது என்று பார்க்க. பெட்டியைத் துணியால் கட்டி ஏற்றிக்கொண்டு ஐவியின் வளவுக்குப் போனோம். போனதும் ஐவி அவரிடம் நேராகவே கேட்டார். "என்ரை மனிசன் செத்ததை நான் மூண்டு நாள் பிந்தித்தான் இதுகளுக்குச் சொன்னனான். அதுதான் போகப் பாத்ததுகளோ?"

மர்ரே பதில் சொல்லாமல் எலுமிச்சை மரத்தடிப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். பாதிக் கூட்டம் போன பிறகும் உள்ளே தேனீ ததும்பியது. தேனடை கட்டிய ஒவ்வொரு மரச்சட்டத்தையும் தூக்கிக் காட்டினார். மூலை முடுக்கெல்லாம் தேன், அடைத்து மெழுகு பூசிய தேன்.

"வந்து பாருங்கோ அம்மா. வைக்க இடமில்லை! கோபிச்ச வீடு இப்பிடியே இருக்கும்? பெருத்துப்போச்சுதுகள். பெருத்தால் பாதி வெளிக்கிட்டு வேறை வீடு தேடும், அவ்வளவுதான். இன்னொரு பெட்டி வைச்சிருந்தால் தெருவைத் தாண்டியிருக்கவே மாட்டுதுகள்."

ஐவி சட்டத்தின் மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைநிமிர்ந்து, "கராஜில ரெஜ் செய்த பெட்டி ஒண்டு சும்மா கிடக்கு!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

புதுப்பெட்டியை வாங்கில் வைத்து, அதன் வாயிலிருந்து நிலம்வரை பலகை ஒன்றைச் சாய்த்தோம். பலகையில் விரிக்க வெள்ளைத் துணி வேண்டும் என்றார் ஐவி. நான் யோசிக்கும் முன்னர் செல்வநாயகி எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து என் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து விரித்துவிட்டாள்.

"அது தீபாவளிக்கு எடுத்ததப்பா!"

"பேசாமல் நில்லுங்கோ. பஸ் வந்தால் பாருங்கோ."

ஐவி அட்டைப்பெட்டியைத் தூக்கி, வேட்டியின் கீழ்நுனியில் ஒரே கொட்டாகக் கொட்டினார். தேனீக்கள் கறுப்பாகப் பரவி, ஒரு கணம் திசை தெரியாமல் நின்றன. முதலில் ஒன்று மேல்நோக்கி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு முழுக் கூட்டமும், பறக்காமல், நடந்தே ஏறத் தொடங்கியது! வெள்ளை வேட்டியில் ஆயிரமாயிரம் கால்கள், மழைத் தூறல்போன்ற சத்தத்தோடு, பெட்டியின் வாயை நோக்கி! நாங்கள் நாலு பேரும் முழங்காலில் இருந்து பார்த்தோம்.

"அந்தா!" ஐவி என் கையைப் பிடித்து நெரித்தார். "நடுவில, நீளமா, செம்மஞ்சளா! கண்டீங்களோ?"

கண்டேன். மற்றவை விலகி வழிவிட, அவசரமில்லாமல் இராணி நடந்து போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"போ," என்றார் ஐவி. "உள்ளுக்குப் போ. இனி ரெண்டு வீடு."

இராணி உள்ளே போனாள். செல்வநாயகி தன் பித்தளைத் தட்டத்தை எடுத்து, தெரு முழுவதும் கேட்க, ஓங்கி ஓங்கித் தட்டினாள்.